கரடி எடுத்துப் போன சட்டி

என் மகள் வாயைத் திறக்க வேண்டுமானால் அவள் அதுவரை பார்க்காத ஒரு படத்தைக் காட்ட வேண்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில், இரண்டு மாத காலம் எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். சட்டத்தை இயற்றியவளுக்கு வயது ஐந்து.

டைபாய்டு வந்து இருபத்தொரு நாள் கிடந்தாள். ஜுரம் போகும்போது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரசஞ்சாதத்தைக் குழைத்து உதட்டருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். டாக்டர் வந்து பார்த்தார். "இனிமே எங்கிட்ட மருந்து இல்லை. சோறுதான் மருந்து. எப்படியாவது உள்ளே போகணும்" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார். அவளைக் குளிப்பாட்டும்போது தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அது பிறவிக் கோளாறு. அந்த நாட்களில் மனைவி, டாக்டர், பால்காரர், காக்கை என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன்.

படத்தின் மகிமையைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். டானிக் பாட்டிலைச் சுற்றி ஒரு காகிதம் வந்தது. அதில் வயிற்றுவலிக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அதைப் பார்த்த என் மகளுக்கு வாய் தானாகத் திறந்தது. என் மனைவி சமயம் பார்த்து ஒரு கவளத்தை உள்ளே தள்ளிவிட்டாள். இரண்டாவது கவளத்துக்கு அதே வயிற்றுவலிக்காரரைக் காட்டினேன். வாய் திறக்கவில்லை.

"அடுத்த படம் காட்டுங்க" என்றாள் மனைவி, கையில் சோற்றோடு.

அடுத்த படம் இல்லை.

இன்றைக்குக் குழந்தைகளுக்கான படப் புத்தகம் கடைகளில் குவிந்து கிடக்கிறது. அன்றைக்கு ராயபுரத்தில் இருந்து டோல்கேட் வரை நடந்தாலும் பள்ளிக்கூட வாசகப் புத்தகத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. அதில் ஒரு அணில், ஒரு ஆடு, ஒரு இலை. அவை ஒரு மதியத்தில் தீர்ந்தன. பூக்கடைப் பக்கம் போய் ஆங்கில எழுத்துப் புத்தகம் ஒன்று வாங்கிவந்தேன். இருபத்தாறு எழுத்து, இருபத்தாறு கவளம், இரண்டு நாள் ஓடியது. பிறகு ஹார்பரிலிருந்து கொண்டுவர ஆரம்பித்தேன். நான் அங்கே டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது என் வேலை. மாலுமிகளுக்கான கயிறு முடிச்சுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இந்த முடிச்சு மாமியார், அந்த முடிச்சு மருமகள், இரண்டும் பிணங்கிக்கொண்டு அவிழ்ந்ததுதான் மூன்றாவது படம் என்று கதை கட்டி நான்கு நாள் சோறு ஊட்டினோம். அது தீர்ந்ததும் பெயின்ட் டப்பாக்களின் பட்டியல் வந்தது. பச்சையிலேயே பதினோரு பச்சை உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாவது பச்சையிலேயே அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் முனைக்கடை அண்ணாச்சியிடம் ஒரு கரடி வந்து சேர்ந்தது.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பலசரக்குக் கடை. பொட்டலம் மடிக்கப் பழைய காகிதத்தை எடைக்கு வாங்குவார். கடல் கடந்து வரும் பழைய பேப்பர்க் கட்டுகளும் அதில் சேரும். எந்த நாட்டுப் பத்திரிகையாக இருந்தாலும் அவர் கையில் அது துவரம்பருப்புப் பொட்டலம்தான். ஒரு நாள் சீரகம் வாங்கப் போனபோது அவர் மடியில் அகலமான புத்தகம் ஒன்று கிடந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், வண்ணப் படம். ஒரு தாளைப் பிடித்துக் கிழிக்கக் கையை ஓங்கியிருந்தார்.

"அண்ணாச்சி! கிழிக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன சார், கெட்டித் தாளுல்லா. மொளகாய்க்குன்னே ஒதுக்கி வச்சிருந்தேன்" என்றார் பரிதாபமாக. புத்தகத்தில் இரண்டு தாள்தான் மிச்சம் இருந்தன. மற்ற நான்கும் அதற்கு முந்தின இரண்டு நாட்களில் பொட்டலமாகப் போய்விட்டன.

வீட்டுக்கு எடுத்துவந்து விரித்தேன். முதல் படத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட கரடி ஒன்று, மூடி போட்ட ஒரு சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டு வாசலில் நின்றது. மகளுக்கு வாய் திறந்தது. எனக்கும் திறந்துதான் இருந்ததாம். மனைவி பிறகு சொன்னாள்.

எழுத்துதான் விளங்கவில்லை. ஆங்கில எழுத்து மாதிரியே இருந்தது, ஆனால் ஆங்கிலம் இல்லை. சில எழுத்துகளின் தலையில் இரண்டிரண்டு புள்ளி வைத்திருந்தது.

"தலையில புள்ளி வச்சா மெய்யெழுத்துதானே?" என்றாள் மனைவி. அவள் ஐந்தாவது வரை படித்தவள். "அப்போ இது தமிழாத்தான் இருக்கணும். உங்களுக்குப் படிக்கத் தெரியலைன்னு சொல்லுங்க."

இரண்டாவது படத்தில் தரையும் மரமும் கூரையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. கரடி சட்டியோடு நடந்து போய்க்கொண்டிருந்தது. "இது பனி" என்றேன்.

"பனியா? மார்கழியில கொட்டுமே, அதுவா? அது எங்கே வெள்ளையா இருக்குது?"

"அந்தப் பனி இல்லை. இது வேற பனி. குவியல் குவியலா விழும். கால் வச்சா புதையும்."

என் மனைவி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். மகள் பொறுமையிழந்துவிட்டாள். "நைனா, இது உப்பு. எண்ணூர்ல பாத்தோமே. கரடி உப்பளத்துக்கு வேலைக்குப் போவுது. சட்டில சோறு எடுத்துகினு போவுது."

மூன்று மாதம் முன்னால் ரயிலில் போகும்போது எண்ணூர் உப்பளத்தைக் காட்டியது நான்தான். என் வினை. அன்றோடு எங்கள் வீட்டில் பனி ஒழிந்தது. கரடி உப்பளத் தொழிலாளி ஆயிற்று. அந்த இரண்டு படத்துக்கும் அவள் அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் வந்தது வம்பு. "சோறுன்னா இன்னா சோறு? சட்டில இன்னா கீது?" என்று கேட்டாள். தேன் என்றேன். பணியாரம் என்றேன். வெல்லம் என்றேன். "நீ பாத்தியா? படத்துல காட்டு" என்றாள். படம் இல்லை என்றதும் வாயை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை வேறு படத்துக்கும் திறக்கவில்லை. சட்டிக்குள் இருப்பதைக் காட்டினால்தான் உண்டு. மறுநாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீர் இரண்டு மடக்கு. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை.

முதல் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஹார்பருக்குப் போனேன். அப்போது நின்றிருந்த ஒரு கப்பலின் பெயரிலேயே தலையில் புள்ளி வைத்த எழுத்து ஒன்று இருந்தது. அதன் இளம் அதிகாரி ஒருவனிடம் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவன் முகம் மலர்ந்து, அரைகுறை ஆங்கிலத்தில் விரல் வைத்துப் படித்துச் சொன்னான்.

"கரடி காலையில் எழுந்தது. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியது. வெளியே கிளம்பியது. சட்டிக்குள் என்ன இருந்தது தெரியுமா?"

"என்ன இருந்தது?" என்றேன்.

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "இவ்வளவுதான் இருக்கிறது" என்றான்.

ஆக, புத்தகமும் அதே கேள்வியைத்தான் கேட்டது. அந்தப் புத்தகத்தைச் சிறு வயதில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம். ஆனால் அவனுக்கும் இப்போது தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. அடுத்த இரண்டு நாளும் நான் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து எட்டிப்பார்த்து, கைகளை வட்டமாக வளைத்துச் சட்டி பிடித்துக் காட்டுவான். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஒரு தடவை இதனால் எண்ணிக்கை தவறி, ஐம்பது மூட்டையை மறுபடி எண்ண வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "அந்த நாலு தாளும் யார் யார் வீட்டுக்குப் போச்சு?"

அண்ணாச்சிக்குத் தெருவில் ஒருத்தர் பெயரும் தெரியாது. ஆனால் எவர் எந்தப் பொருளை எந்த நேரத்தில் வாங்கினார் என்பது மறக்காது. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "சொல்லுதேன், கேட்டுக்கோங்க. ஒண்ணு, மல்லி. எதுத்தாப்ல ரயில்வே கார்டு வீடு. ரெண்டு, கடுகு. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போறாவள்லா, அவிய வீடு. மூணு, வெல்லம். ஆடு வளக்குற வீடு. நாலு, காஞ்ச மொளகாய். குப்பத்து மீன்காரம்மா."

சொல்லிவிட்டுக் கடைப் பலகையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். "நானும் வாரேன் சார். கிழிச்சவன் நான்தானே. மனசு கேக்க மாட்டேங்கு."

அப்படியாக நாங்கள் ஊர்வலம் கிளம்பினோம். முன்னால் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நான். எனக்குப் பின்னால் ரசஞ்சாதக் கிண்ணத்தோடு என் மனைவி. வாய் திறக்கிற நேரத்தில் சோறு கைவசம் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

கார்டு வீட்டில் அந்தத் தாள் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்தது. எண்ணெய் ஏறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தாலும் படம் தெரிந்தது. கரடி ஒரு வாத்தோடு பேசிக்கொண்டிருந்தது. சட்டி மூடியே இருந்தது. மகளும் வாயை மூடியே இருந்தாள்.

தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் தாளை உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்தார். படம் தெருப்பக்கம் பார்த்திருந்தது. உள்ளே உட்காரச் சொல்லிக் காப்பி போடப் போனவர்களிடம், படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சாக்கடை ஓரமாக நின்று படித்தோம். கரடி பாலத்தின் மேல் நின்று சட்டியை முகர்ந்து பார்த்தது. "மோப்பம் புடிக்குது நைனா. அப்போ வாசனை கீது" என்றாள் மகள். இதைக் கேட்டு வீட்டுக்காரரும் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். ஒரு வாரமாக அவர் படத்தின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாவது தாளை ஆடு தின்றுவிட்டது. வெல்லம் ஒட்டிய தாள், அது என்ன செய்யும்? "அதுக்குத் தெரியும்" என்றாள் மகள், ஆட்டைக் காட்டி. "அது படிச்சுடுச்சு." ஆட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். அண்ணாச்சி அதன் முகத்தை உற்றுப் பார்த்தார். அவர் எதை எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் நகர்ந்ததும் ஆடும் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

கடைசித் தாள் மீன்காரம்மாவிடம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் தினமும் பத்து மணிக்குக் கூடையோடு எங்கள் தெருவில் வருவாள். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அவள் குரல் கேட்டதுமே என் மனைவி தெரு ஜன்னலைச் சாத்தி ஊதுவத்தி ஏற்றிவிடுவாள். ஒருமுறை, எங்கள் வாசலில் கூடையை இறக்காதே என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். ஆகவே குப்பத்துச் சந்து வந்ததும் என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

நாங்கள் உள்ளே போனோம். மீன்காரம்மாவின் புருஷன் வாசலில் வலையைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வா சார்."

கழற்றினோம். சுவரில், விளக்கு மாடத்துக்கு மேலே, கடைசித் தாள் ஒட்டியிருந்தது. பூச்சரம் சாத்தியிருந்தது. கற்பூரம் ஏற்றிய கரி படிந்திருந்தது.

"எட்டு நாள் மின்னே கட்டுமரம் போச்சு. இவரு வரவேல்ல" என்றாள் அவள், வாசலைக் காட்டி. "ரெண்டு நாளு ஆச்சு. அயுதுகினே மொளகா வாங்கினு வந்து பொட்டலத்தப் பிரிச்சேன். பிரிச்சா ஆத்தா! கரகம் எடுத்துகினு வந்து நிக்கறா. ஒட்டி வச்சு சூடம் காட்டினேன். அன்னிக்கி சாயங்காலமே வந்து சேந்தாரு."

"அம்மா, அது கரடி" என்றேன்.

"கரடி வாகனம் சார். மேல பாரு, கையில கரகம். படிச்சவன்தானே நீ?"

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீப்பெட்டிக் கம்பெனிக்காரரும் போட்டுக்கொண்டார். நான் படத்தின் அருகே போய்ப் பார்த்தேன். கரடி சிரித்துக்கொண்டிருந்தது. சட்டியின் மூடி திறந்து பக்கத்தில் கிடந்தது. ஆனால் சட்டி இருந்த இடம் முழுக்க மஞ்சளும் அதன் மேல் எட்டணா அகலத்துக்குக் குங்குமமும் அப்பியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"கொஞ்சம் தொடச்சுப் பார்த்தா..." என்று ஆரம்பித்தேன்.

"கைய வச்சுடுவியா நீ?"

வாசலில் வலை பிரித்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் மகள் தோளில் இருந்தபடியே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் என் மார்பில் இடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலில் சதையே இல்லை. துடைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

மகள்தான் கேட்டாள். "சட்டில இன்னா கீது?"

மீன்காரம்மா இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். "சட்டின்னா மீன் கொயம்புதான். ஆடி மாசம் ஆத்தாளுக்குக் கருவாட்டுக் கொயம்புதானே படைக்கிறோம்? வேற இன்னா இருக்கும்?"

"காட்டு."

அவள் எழுந்து அடுப்பருகே போனாள். அங்கே ஒரு மண்சட்டி இருந்தது. மூடியைத் திறந்து, துணி சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என் மகள் முகத்துக்கு நேரே நின்றாள். சுவரில் கரடி நின்ற மாதிரியேதான் நின்றாள். வாசனை மூக்கில் ஏறியது. புளியும் மிளகாயும் சங்கரா மீனும்.

என் மகள் சட்டியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

மீன்காரம்மா யாரையும் கேட்கவில்லை. அவளை என் தோளிலிருந்து வாங்கி மடியில் உட்காரவைத்து, தட்டில் சோறு போட்டு, மீனை முள் பார்த்துப் பிரித்து, "காரம் ஆவாது, கொயம்பு ரவயூண்டு போதும்" என்று சொல்லிக்கொண்டே உருட்டிக் கொடுத்தாள். ஒரு வாய். இரண்டாவது வாய். மூன்றாவதற்கு அவளே கையை நீட்டினாள். நான் வாசலைப் பார்த்தேன். என் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, தெரியாது. முந்தானை மூக்கில் இல்லை. ரசஞ்சாதக் கிண்ணம் கையில் சாய்ந்திருந்தது. அதை ஆடு தின்றுகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

அவள் உள்ளே வந்து மீன்காரம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, முள்ளு நல்லாப் பார்த்துக் குடுங்க. இன்னொரு வாய் குடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, சாமி சன்னதி என்று நினைத்தாரோ என்னவோ, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தக் கப்பல் கிளம்பியது. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. அந்த இளம் அதிகாரி கம்பியோரம் ஓடிவந்து, இரண்டு கையையும் வளைத்துச் சட்டி பிடித்துக் காட்டினான். நான் கணக்குப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வாயருகே கையைக் குவித்தேன்.

"ஃபிஷ் கறி!"

அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். பக்கத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்கள் விஷயம் தெரியாமலே என்னோடு சேர்ந்து கத்தினார்கள். இந்தத் தடவை கேட்டுவிட்டது. அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு, இவ்வளவுதானா என்பதுபோலச் சிரித்து, பக்கத்தில் நின்றவனிடம் திரும்பிச் சொன்னான். அவன் அடுத்தவனிடம் சொன்னான்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். ஊதுவத்தி வாசனை இல்லை. தெரு ஜன்னல் திறந்திருந்தது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். காலையில் எங்கள் வாசலில் இறங்கிய மீன்கூடையின் ஈர வட்டம் படியில் இன்னும் காயாமல் இருந்தது.